தனி வாசிக்கும் ட்ரம்ஸ், தாளம் போடும் பேஸ்

இங்கிலாந்து மின்னணு இசைக் கலைஞர் ஸ்கொயர்புஷரின் 'ஹார்ட் நார்மல் டாடி' ஆல்பத்தைக் கேட்கப் போகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ட்ரம்ஸைத் தாளம் என்று நினைத்துக் கேட்காதீர்கள். காலால் தட்டிக்கொண்டே கேட்க வேண்டுமென்றால் பேஸ் கிட்டாரைப் பிடித்துக்கொள்ளுங்கள். ட்ரம்ஸைப் பாட்டாகக் கேளுங்கள்.

முதல் தடமான 'கூப்பர்ஸ் வேர்ல்ட்'டிலேயே இது பிடிபட்டுவிடும். எழுபதுகளின் அமெரிக்கத் துப்பறியும் தொடர்களுக்குப் போட்ட தலைப்பு இசையை நினைவூட்டும் மிடுக்கான மெட்டு ஒன்று. அதன் அடியில் பேஸ் நிதானமாக நடக்கிறது. ட்ரம்ஸ் மட்டும் இவர்களோடு சேர்ந்து நடப்பதில்லை. ஓடுகிறது, சட்டென்று நிற்கிறது, ஸ்நேர் என்ற, படபடவென்று ஒலிக்கும் ட்ரம்மின் ஒரே அடியைப் பொடிப்பொடியாக்கித் தூவுகிறது, பிறகு அடுத்த சுற்றின் முதல் தட்டில் பிசகாமல் வந்து விழுகிறது.

மிருதங்கம் கேட்டு வளர்ந்த காது என்னுடையது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாடகர் பாட்டை நிறுத்திவிட்டு, மிருதங்கக்காரருக்காகக் கையில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருப்பார். அதுவரை துணையாக இருந்தவர் முன்னே வருவார். முன்னே இருந்தவர் கணக்கைக் காப்பாற்றிக் கொடுப்பார். இந்த ஆல்பம் கிட்டத்தட்ட முழுக்க அந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. பேஸும் கீபோர்டும் தாளம் போட, ட்ரம்ஸ் தனி வாசிக்கிறது. ஜாஸையும், அதிவேக ட்ரம்ஸும் கனத்த பேஸும் கொண்ட நடன இசையான ட்ரம் அண்ட் பேஸையும் கலந்த எத்தனையோ ஆல்பங்கள் அந்தக் காலத்தில் வந்தன. இந்த ஒன்றை மட்டும் நான் இன்னும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்பதற்கு இந்த இடமாற்றம்தான் காரணம்.

ஆல்பம் வெளிவந்தது 1997 ஏப்ரல் இறுதியில், வார்ப் இசைத்தட்டு நிறுவனத்தில். 12 தடங்கள். ஸ்கொயர்புஷர் என்ற பெயரில் இதைச் செய்தவர் ஒரே ஆள்: டாம் ஜென்கின்சன். அப்போது அவருக்கு வயது 22. ஊர் செம்ஸ்ஃபோர்ட், லண்டனுக்கு வடகிழக்கே எஸெக்ஸ் மாவட்டத்தில். மார்க்கோனி 1898-இல் உலகின் முதல் வானொலிக் கருவித் தொழிற்சாலையைத் திறந்த ஊர் அதுதான். 1920-இல் பாடகி நெல்லி மெல்பாவின் குரல் காற்றலையில் போனதும் அங்கிருந்துதான். அதனால்தான் ஜென்கின்சன் இப்படி இசைக்கிறார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் பேஸ் கிட்டாரோடு சாலிடரிங் கம்பியையும் சேர்த்துப் பிடித்து வளர்ந்தவர்போல் ஒலிக்கும் ஒருவருக்கு அந்த ஊர் பொருத்தமாக அமைந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வேன்.

இதற்கு முந்தைய ஆண்டு, 1996-இல், அவருடைய முதல் ஆல்பம் 'ஃபீட் மீ வியர்ட் திங்ஸ்' வந்திருந்தது. அஃபெக்ஸ் ட்வின் என்று அறியப்படும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸ், தன் நண்பர் கிராண்ட் வில்சன்-கிளாரிட்ஜோடு சேர்ந்து நடத்திய ரெஃப்லெக்ஸ் நிறுவனத்தின் வெளியீடு. அதிலும் பேஸ் கிட்டாரும் வெட்டி ஒட்டிய ட்ரம்ஸும் உண்டு. இரண்டும் ஒன்றையொன்று மோப்பம் பிடிக்கும் கட்டத்தில் இருந்தன. 'ஹார்ட் நார்மல் டாடி'யில் அவை குடும்பம் நடத்துகின்றன.

அவருடைய பேஸைப் பற்றிப் பேசும்போது ஜாக்கோ பஸ்டோரியஸைத் தாண்டிப் போக முடியாது. வெதர் ரிப்போர்ட் என்ற ஜாஸ் குழுவில் வாசித்தவர். தன் பேஸ் கிட்டாரின் கழுத்திலிருந்த உலோகக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டு, அந்தப் பள்ளங்களை மரப்பசையால் அடைத்து, படகுக்குப் பூசும் எபாக்ஸியைத் தடவி வாசித்தவர். அந்த வேலைக்குப் பிறகு பேஸ் கிட்டாரில் ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் இடையே வழுக்கிப் போக முடிந்தது. அடியில் கிடந்த வாத்தியம் பாட ஆரம்பித்தது. 1976-இல் வந்த அவருடைய முதல் ஆல்பம் பேஸ் வாசிக்கிறவர்களின் தலைமுறையையே திருப்பிப் போட்டது. 1987-இல், 35 வயதில், புளோரிடாவில் ஒரு இரவு விடுதி வாசலில் பட்ட அடியால் இறந்தார். ஜென்கின்சனின் விரல்களில் அந்த மரபு அப்படியே இருக்கிறது. சிறப்பு என்னவென்றால், ஜாக்கோ பேஸுக்கு வாங்கிக்கொடுத்த முன்வரிசை இடத்தை இவர் தெரிந்தே ட்ரம்ஸுக்கு விட்டுக்கொடுக்கிறார். இவ்வளவு நன்றாக பேஸ் வாசிக்கத் தெரிந்த 22 வயதுப் பையன், தன் விரல் வேகத்தைக் காட்டிக்கொள்ளாமல் பல தடங்களில் நான்கு ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் நிற்பது சாதாரண அடக்கமில்லை.

இனி அந்த ட்ரம்ஸ் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். ஆல்பத்தைவிட அந்தக் கதைதான் பெரியது.

1969-இல் வாஷிங்டனைச் சேர்ந்த வின்ஸ்டன்ஸ் என்ற குழு ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. முன்பக்கப் பாட்டுக்கு கிராமி விருதும் கிடைத்தது. பின்பக்கத்தை நிரப்ப ஒரு வாத்திய இசை: 'ஆமென், பிரதர்'. பாட்டு நீளம் போதவில்லை என்பதால் நடுவில் மற்ற எல்லோரும் நிறுத்திக்கொள்ள, கிரெகரி கோல்மன் தனியாக ட்ரம்ஸ் வாசித்தார். நான்கே சுற்று, ஆறேழு வினாடி. முதல் இரண்டு சுற்று ஒழுங்காகப் போகிறது. மூன்றாவதில் ஒரு ஸ்நேர் அடியைக் கொஞ்சம் தள்ளிப் போடுகிறார். நான்காவதில் முதல் தட்டையே காலியாக விட்டுவிட்டு, சிம்பலை எதிர்பாராத இடத்தில் தட்டி முடிக்கிறார். ஒரு நல்ல கையின் சில வினாடி விளையாட்டு.

1986-இல் அந்தப் பாட்டு டிஜேக்களுக்கான தொகுப்புத் தட்டு ஒன்றில் சேர்ந்தது. முதலில் ஹிப் ஹாப்காரர்கள் எடுத்தார்கள். பிறகு லண்டனில், கடல் கடந்து வந்து குடியேறிய ஜமைக்கர்களின், பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசை போடும் சவுண்ட் சிஸ்டம் மரபும், விடிய விடிய நடந்த ரேவ் கூட்டங்களும், உரிமமில்லாத வானொலி நிலையங்களும் சந்தித்துக்கொண்ட தொண்ணூறுகளின் தொடக்கத்தில், அந்த ஆறேழு வினாடி ஒரு புதிய இசைக்கே அஸ்திவாரமானது. ஜங்கிள் என்றார்கள், பின்னால் ட்ரம் அண்ட் பேஸ் என்றார்கள். கோல்மன் வாசித்த வேகம் நிமிடத்துக்கு 140 தட்டுக்குச் சற்றுக் குறைவு. இவர்கள் அதை 160, 170, 175 என்று ஏற்றினார்கள்.

ஏற்றியதோடு விடவில்லை. அகாய் நிறுவனத்தின் எஸ்950 போன்ற, ஒலித்துண்டுகளைப் பதிந்து திரும்ப ஒலிக்கவைக்கும் சாம்ப்ளர்களில் அந்தப் பகுதியை ஏற்றி, கிக் தனி, ஸ்நேர் தனி, ஹை-ஹேட் தனி என்று துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஒரு கட்டைக்குக் கொடுத்து, புதிய வரிசையில் அடுக்கினார்கள். அடுக்கும்போது கோல்மனின் கை அதில் அப்படியே மிஞ்சியது. இரண்டு பெரிய அடிகளுக்கு நடுவே, கேட்டும் கேட்காததுமாக ஸ்நேரில் குச்சி உரசும் சின்ன அடிகள் இருக்கின்றனவே, அவையெல்லாம் வெட்டிய துண்டுகளில் ஒட்டிக்கொண்டே வந்தன. ஆகவே ஜங்கிளில் நாம் கேட்கும் இயந்திர வேகத்துக்குள்ளே எப்போதும் ஒரு மனிதர் வாசித்துக்கொண்டிருக்கிறார்.

கோல்மனுக்கு இதில் ஒரு காசும் வரவில்லை. 2006-இல் வீடில்லாத நிலையில் இறந்தார். பாட்டின் உரிமையாளரான குழுத் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு 2015-இல் ரசிகர்கள் இணையத்தில் திரட்டிய 24,000 பவுண்டு போய்ச் சேர்ந்தது. ஆயிரக்கணக்கான பாட்டுகளுக்கு அடித்தளம் போட்டுக் கொடுத்ததற்கு அவ்வளவுதான். இந்த வகை இசையை நேசிக்கும் எவரும் அந்தப் பெயரைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். ஜங்கிள் கேட்டீர்களென்றால் கிரெகரி கோல்மனைக் கேட்டிருக்கிறீர்கள்.

ஜென்கின்சன் இந்த மரபை எடுத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதை எனக்கு விளக்கிக் காட்டியவன் மெல்லிசைக் குழுவில் ட்ரம்ஸ் வாசிக்கும் என் நண்பன். திருவிழா மேடைகளில் விடிய விடிய ட்ரம்ஸும் பேடும் மாறி மாறி வாசிக்கிறவன். 'விக் ஆசிட்' தடத்தைப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான்.

"மாப்ள, ஸ்நேர் அடிச்சு அது அடங்குறதுக்குள்ள இன்னொரு ஸ்நேர் விழுது. இத ஒரு ஆளு வாசிக்க முடியாது."

"தெரியும்டா. சீக்வென்ஸர் கருவில ஒவ்வொரு அடியா அடுக்குனது."

"அது சரி. ஆனா அடுக்குனவனுக்கு ட்ரம்ஸ் வாசிக்கத் தெரியும். ரோல் எடுக்கிற இடத்தப் பாரு. கைக்குத் தோணுற இடத்துலதான் எடுக்கிறான். சும்மா மவுச வெச்சு இழுக்கிறவனுக்கு அங்க தோணாது."

அவன் சொன்னது மெய்தான். ஜென்கின்சன் ட்ரம்ஸும் வாசிக்கிறவர். அடுத்த ஆண்டே அதை உலகுக்குக் காட்டினார். அதற்குப் பின்னால் வருகிறேன்.

கையால் வாசிக்கத் தெரிந்தவர் கைக்கு எட்டாத எல்லைக்குள் போய் என்ன செய்கிறார் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 170 தட்டு என்றால் ஒரு தட்டுக்கு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொரு அடியும் 88 மில்லி வினாடி. நல்ல ட்ரம்ஸ்காரர் இதுவரை வருவார். எட்டாகப் பிரித்தால் வினாடிக்கு ஏறக்குறைய 23 அடி. இங்கே காதே தடுமாறத் தொடங்குகிறது, ஏனென்றால் வினாடிக்கு 20 அதிர்வுக்கு மேல் போனால் தனித்தனி அடிகள் மறைந்து ஒரு சுருதி பிறக்கிறது. பதினாறாகப் பிரித்தால் 45. அப்போது அது ஸ்நேர் அடியாக இருப்பதில்லை. கீழ்ஸ்தாயியில் உறுமும் ஒரு ஸ்வரம். பிரிப்பதைக் கூட்டிக் குறைத்தால் அந்த ஸ்வரம் ஏறி இறங்கும். ட்ரம்ஸைக் கொண்டே மெட்டுப் போடலாம்.

ஆல்பம் முழுக்க அந்த எல்லைக்கோட்டின் இரு பக்கமும் போய் வந்துகொண்டே இருக்கிறார். அடி எப்போது சுருதியாகிறது, சுருதி எப்போது மறுபடி அடியாக உதிர்கிறது என்று கேட்டுக்கொண்டே போனால், வேகம் என்ற பிரமிப்பு கழன்று விழுந்து, உள்ளே இருக்கும் பாட்டு தெரியும்.

கூடவே இன்னொரு நுட்பம். ட்ரம்ஸ் 170-இல் ஓடும்போது பேஸ் அதில் பாதியான 85-இல் நடக்கிறது. 85 என்பது எழுபதுகளின் ஃபங்க் இசைக்கும் ஜாஸையும் ராக்கையும் கலந்த ஜாஸ் ஃப்யூஷனுக்கும் சொந்த வீடு போன்ற வேகம். ஒரே நேரத்தில் இரண்டு காலம். கீழ்க்காலத்தில் சாய்ந்து உட்காரலாம், மேல்காலத்தில் ஓடலாம், கேட்கிறவர் விருப்பம். ஜங்கிளுக்கு இது ஜமைக்காவின் டப் இசையிலிருந்து வந்த சொத்து. ரெக்கே பேஸ் அரை வேகத்தில் நடக்க, மேலே வெட்டி அடுக்கிய ட்ரம்ஸ் பறக்கும். ஜென்கின்சன் அந்தக் கீழ்த்தளத்தில் ரெக்கே இருந்த இடத்தில் ஃப்யூஷனை உட்காரவைத்தார். அதனால்தான் ஜாஸ் இங்கே மேலே தூவிய நறுமணமாக இல்லாமல் நடுத்தூணாக நிற்கிறது.

மேலே தூவியவர்களும் அப்போது நிறைய இருந்தார்கள். சாக்ஸபோன் துண்டு ஒன்று, மின்பியானோவின் ஒரு மெல்லிய கார்டு, கீழே மாறாத ட்ரம்ஸ்: இதுவே ஒரு வாய்பாடாகி, காப்பிக்கடைகளில் ஓடத் தொடங்கியிருந்தது. அவற்றைப் பற்றி எழுத எனக்கு எதுவுமில்லை.

நல்லவற்றைச் சொல்கிறேன். அதே 1997-இல் பிரிஸ்டல் நகரத்து ரோனி சைஸ் தன் ரெப்ரசென்ட் குழுவோடு 'நியூ ஃபார்ம்ஸ்' ஆல்பம் கொண்டுவந்து, ரேடியோஹெட்டும் ப்ராடிஜியும் போட்டியிலிருந்த ஆண்டில் பிரிட்டனின் ஆண்டுச் சிறந்த ஆல்பத்துக்கான மெர்க்குரி பரிசை வாங்கினார். அதில் 'பிரவுன் பேப்பர் பேக்' தொடங்கும்போது ஒலிக்கும் டபுள் பேஸைக் கேட்டு மயங்காதவர் இருக்க முடியாது. ஆனால் அங்கே ட்ரம்ஸ் காவல் காக்கிறது. டபுள் பேஸ் தனி வாசிக்கிறது. பழைய ஏற்பாடு, அழகாகச் செய்யப்பட்டது. அதே ஆண்டு, ரியோ டி ஜெனிரோவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்த அமோன் டோபின் 'பிரிகோலாஜ்' வெளியிட்டார். பழைய ஜாஸ் தட்டுகளைத் துண்டாக்கி, யாருமே சேர்ந்து வாசித்திராத ஒரு ஜாஸ் குழுவைச் சாம்ப்ளருக்குள் உருவாக்கினார். எனக்கு மிகவும் பிடித்த ஆல்பம் அதுவும். அங்கே இருட்டு உண்டு, திரைப்படத்தன்மை உண்டு. ஒருவர் வாத்தியத்தைக் கையில் எடுத்து, எதிரே இருப்பதற்குப் பதில் சொல்லும் கணம் மட்டும் இல்லை. ஜென்கின்சனிடம் அது இருக்கிறது. இயந்திரத்தில் அடுக்கியதற்குப் பேஸ் பதில் சொல்கிறது. பேஸ் சொன்னதற்கு இயந்திரம் மறுபேச்சுப் பேசுகிறது.

ஜாஸும் ட்ரம் அண்ட் பேஸும் ஒரே கூரைக்குக் கீழே இருந்ததற்கு லண்டனில் ஒரு கட்டடமே சாட்சி. ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் பேஸ் கிளெஃப் என்ற ஜாஸ் கிளப் இருந்தது. எண்பதுகளில் பீட்டர் இண்ட் என்ற ஜாஸ் பேஸ் கலைஞர் நடத்தியது. அது கைமாறி ப்ளூ நோட் ஆனது. தொண்ணூறுகளின் நடுவில் ஞாயிறு இரவுகளில் கோல்டியின் மெட்டல்ஹெட்ஸ் கூட்டம் அங்கேதான் ட்ரம் அண்ட் பேஸை வளர்த்தது. திங்கள் இரவுகளில் டால்வின் சிங் தன் அனோக்கா நிகழ்ச்சியில் தபலாவையும் ஜங்கிளையும் சேர்த்தார். ஜாஸ்காரர் ஒருவர் பேஸ் வாசித்த இடத்தில் அடுத்த தலைமுறை பேஸால் சுவரை அதிரவைத்தது.

இங்கே ஒரு குற்றச்சாட்டைப் பேசாமல் போனால் நியாயமில்லை. ஜங்கிளை வளர்த்தவர்களில் பெரும்பாலோர் லண்டனின் கறுப்பின இளைஞர்களும் அவர்களோடு கலந்து வாழ்ந்த உழைக்கும் வர்க்கத்து வெள்ளை இளைஞர்களும். கூட்டமாக ஆடுவதற்காகப் பிறந்த இசை. அதை அறைக்குள் உட்கார்ந்து, ஆட முடியாத அளவுக்கு நறுக்கி, விசித்திரமாக்கியவர்கள் ஜென்கின்சன், அஃபெக்ஸ் ட்வின், லூக் வைபர்ட் போன்றவர்கள். ட்ரில் அண்ட் பேஸ் என்று அதற்குப் பெயர் வந்தது. மூலத்தைக் கேலி செய்கிறார்கள், ஆட்டக்களத்திலிருந்து இசையைப் பிடுங்கி ஹெட்ஃபோனுக்குள் அடைக்கிறார்கள் என்று அன்றே விமர்சனம் எழுந்தது. அதில் பாதி சரி. இந்த ஆல்பத்துக்குக் கூட்டமாக ஆட முடியாது. உரிமமற்ற வானொலியில் இரவு முழுக்கத் தட்டு சுழற்றியவர்களின் பெயர்களைவிட இந்தச் சிலரின் பெயர்கள் பத்திரிகைகளில் அதிகம் அச்சானதும் உண்மை. அந்த அநீதியைப் பேச வேண்டியதுதான்.

கேலி என்பதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். கேலி செய்கிறவர் இவ்வளவு உழைக்க மாட்டார். எஸ்950-இன் நினைவகம் முழுதாக விரித்தாலும் இரண்டேகால் மெகாபைட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படமே அதில் ஏறுவது கடினம். 12 பிட் ஒலி. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் மண்வாசனை. அந்த இடுக்கில் ஒவ்வொரு ஸ்நேரையும் இடம் பார்த்து நட்டு, ஒவ்வொன்றுக்கும் அழுத்தம் கூட்டிக் குறைத்து ஒரு தடத்தை முடிப்பது என்பது பக்தி இருந்தால்தான் முடியும். 'பீப் ஸ்ட்ரீட்'டைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். மேலே ஒரு சிந்தசைசர் மெட்டு, சின்னப் பையன் விசிலடிப்பதுபோல் எளியது, உள்ளே ஓர் ஏக்கம். கீழே ட்ரம்ஸ் தலைதெறிக்க ஓடுகிறது. ஓட்டம் அந்த ஏக்கத்தை மிதிப்பதில்லை; தூக்கிப் பிடிக்கிறது. ட்ரம்ஸ் விலகும் இடத்தில் அந்த மெட்டு திடீரென்று எவ்வளவு தனிமையாகிவிடுகிறது என்று கவனியுங்கள்.

'பாப்பலான்' இந்த ஆல்பத்தின் நெஞ்சுப்பகுதி என்பேன். வேகம் இறங்குகிறது. அதுவரை ஒதுங்கி நின்ற பேஸ் முன்னுக்கு வந்து பேச ஆரம்பிக்கிறது. ஜாக்கோவின் வழியில் வழுக்கி வழுக்கி, ஒரு வாக்கியத்தை முடிக்காமல் விட்டு, அடுத்ததைத் தொடங்கி. இந்தத் தடம் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். இதற்கு முன்னால் வருவது 'சின் ஹிப்பி', ஆல்பத்திலேயே மிகக் கரடுமுரடானது, சத்தத்தால் சுவர் எழுப்புவது. அதைக் கடந்து வந்தால் இந்த அமைதி. ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேட்க வேண்டும் என்று நான் சொல்வது இந்த இரண்டு தடங்களுக்காகவே. அதன் பிறகு 'இ8 பூகி'. இ8 என்பது லண்டனில் ஹாக்னி பகுதியின் அஞ்சல் எண். குதூகலமான ஃபங்க். 'ரஸ்டிக் ரேவர்' என் மனதில் இன்றும் ஒட்டவில்லை. 'மேல் பில் பார்ட் 13' ஒட்டியது மட்டுமில்லை, சில நாள் காலையில் எழும்போதே தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

ஜாஸ் என்பது பலர் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வாசிப்பது. ஒற்றை ஆள் அறைக்குள் அடுக்கியதை எப்படி ஜாஸ் என்று சொல்லலாம் என்று ஜாஸ் பிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கோல்மன் 'ஆமென், பிரதர்' வாசித்த அதே 1969-இல், ஆகஸ்டு மாதம், நியூயார்க்கில் ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் 'பிட்ச்சஸ் ப்ரூ' பதிவு செய்தார். கலைஞர்கள் மணிக்கணக்கில் வாசித்ததைத் தயாரிப்பாளர் டியோ மசேரோ ஒலிநாடாவில் வெட்டி, இடம் மாற்றி, சில துண்டுகளைத் திரும்பத் திரும்ப ஒட்டித்தான் நாம் கேட்கும் வடிவம் உருவானது. அதில் 'ஃபேரோஸ் டான்ஸ்' யாரும் அப்படியே தொடர்ச்சியாக வாசித்த ஒன்றில்லை. அதை ஜாஸின் மைல்கல் என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டாயிற்று. ஆக, கத்தரிக்கோல் ஜாஸுக்குள் வந்து இருபத்தெட்டு ஆண்டு கழித்துத்தான் ஜென்கின்சன் அதைக் கையில் எடுக்கிறார்.

அவரும் அதே கேள்வியைத் தனக்குள் கேட்டிருக்க வேண்டும். 1998-இல் வந்த 'மியூசிக் இஸ் ராட்டட் ஒன் நோட்' ஆல்பத்தில் சீக்வென்ஸரையே தூக்கிப் போட்டுவிட்டார். ட்ரம்ஸ், பேஸ், கீபோர்டு எல்லாவற்றையும் தானே வாசித்து நாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தார். மைல்ஸின் மின்வாத்தியக் காலம் அதில் நெடுக வீசுகிறது. என் நண்பன் 'விக் ஆசிட்' கேட்டு, அடுக்கியவனுக்கு வாசிக்கத் தெரியும் என்று சொன்னானே, அதற்கு அத்தாட்சி இந்த ஆல்பம். என் ரசனையில் 'ஹார்ட் நார்மல் டாடி'தான் உயர்ந்தது. இரண்டாவதில் கை மட்டும் இருக்கிறது. முதலாவதில் கையும் கைக்கு எட்டாததும் சேர்ந்து இருக்கின்றன.

இயந்திரம் அடித்ததை மனிதர்கள் திருப்பி அடிக்கக் கிளம்பியதுதான் இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம். ஜங்கிளைக் கேட்டு வளர்ந்த ட்ரம்ஸ்காரர்கள் அதைக் கையால் வாசிக்கப் பயிற்சி எடுத்தார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்த ஜோஜோ மேயர், நியூயார்க்கில் தன் நெர்வ் குழுவோடு இதையே ஒரு கலையாக்கினார். ஒரு மனிதரின் ஆறேழு வினாடியை இயந்திரம் வெட்டிப் போட, அந்த வெட்டுகளையே இன்னொரு மனிதர் பாடமாகப் படித்து உடம்பில் ஏற்றிக்கொள்கிறார்.

ஜென்கின்சனும் இதைச் செய்தார். ஷோபலீடர் ஒன் என்று ஒரு குழு அமைத்தார். முகமூடி போட்ட நான்கு பேர். 2017-இல் அவர்களுடைய நேரடி நிகழ்ச்சிகளின் பதிவாக 'எலக்ட்ராக்' வந்தது. 'கூப்பர்ஸ் வேர்ல்ட்'டும் 'இ8 பூகி'யும் அதில் உண்டு. இருபது ஆண்டுக்கு முன் ஒருவர் அறைக்குள் அடுக்கியதை, ட்ரம்ஸ்காரர் ஒருவர் உட்கார்ந்து வியர்வை சிந்தி வாசிக்கிறார். வினாடிக்கு 45 அடி எந்தக் கைக்கும் வராது. அதனால் இயந்திரத்தில் அடி சுருதியாக மாறிய இடங்கள் இதில் வேறாகின்றன. அந்த உறுமலுக்குப் பதில் உடம்பின் உந்துதல் வருகிறது. பேஸ் இப்போது காவல் காக்க வேண்டியதில்லை. எதிரே பதில் சொல்ல உயிருள்ள ஆள் இருப்பதால் அதுவும் துணிந்து பாடுகிறது.

இரண்டையும் ஒரே மாலையில் கேட்கலாம். முதலில் 1997-இன் 'கூப்பர்ஸ் வேர்ல்ட்', உடனே 2017-இன் 'கூப்பர்ஸ் வேர்ல்ட்'. கைப்பேசியின் ஒலிபெருக்கியில் வேண்டாம், பேஸ் காணாமல் போகும். பேஸ் போனால் தாளம் போட ஆளில்லை. நல்ல ஹெட்ஃபோன் போதும். பிடித்துப் போனால் முழு ஆல்பத்தையும் வரிசையாகப் போடுங்கள், 'சின் ஹிப்பி'யைத் தாண்டிக் குதிக்காமல்.